பதில் வராத நேரத்துக்கும் ஒரு விதி எழுதுங்கள்

கேள்வி: நாடு முழுவதும் கிளைகள் உள்ள காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் மென்பொருள் பிரிவில், சென்னையில் வேலை பார்க்கிறேன். பாலிசி, க்ளெய்ம், பிரீமியம் வசூல், முகவர் கமிஷன் என்று 14 குழுக்கள் இருக்கின்றன. பழைய சோப் சேவைகள் (எக்ஸ்எம்எல் செய்திகளால் பேசுபவை) அனைத்தையும் 18 மாதங்களுக்குள் ரெஸ்ட் (வலையின் முறையிலேயே பேசும் பாணி) ஏபிஐகளாக, அதாவது ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் வேலை கேட்கும் வாசல்களாக, மாற்ற வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. எல்லாக் குழுக்களுக்கும் பொதுவான வடிவமைப்பு விதிகளை எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். மூன்று வாரங்களாகக் கூடிப் பேசுகிறோம். சேவையின் இணைய முகவரியில் (யூஆர்எல்) 'பாலிசி' என்று ஒருமையில் எழுதுவதா, 'பாலிசிகள்' என்று பன்மையில் எழுதுவதா என்பதையே தாண்டவில்லை. வெர்ஷன் எண்ணை முகவரியில் வைப்பதா, ஹெடரில் (கோரிக்கையோடு போகும் தலைக்குறிப்பில்) வைப்பதா என்று இரண்டு கட்சிகள். பதிலுக்குள் அடுத்தடுத்த இணைப்புகள் இல்லையென்றால் அது ரெஸ்ட்டே அல்ல என்கிறார் மூத்த சகா ஒருவர். கேட்வே (எல்லாக் கோரிக்கைகளும் நுழையும் பொதுவாசல்) வாங்கிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது என்கிறார் அதை விற்க வந்தவர். நான் எங்கிருந்து தொடங்குவது ஐயா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: வணக்கம் அம்மா. பன்மை என்று எழுதி, அந்தக் கூட்டத்தை இன்றே முடித்துவிடுங்கள். ஒருமையில் எழுதியதால் எந்த நிறுவனமும் நட்டப்பட்டதில்லை; பன்மையில் எழுதியதால் யாருக்கும் லாபம் வந்ததுமில்லை. 14 குழுக்களும் ஒரே மாதிரி எழுதினால் போதும். முகவரியைப் பற்றி உண்மையாகவே கவலைப்பட வேண்டிய சங்கதி வேறு. பான் எண், ஆதார் எண், கைபேசி எண் எதுவும் முகவரிக்குள் வரக் கூடாது. முகவரி என்பது சர்வர், ப்ராக்ஸி (நடுவில் நின்று கடத்தும் சர்வர்), கேட்வே, கண்காணிப்புக் கருவி என்று போகிற வழியெல்லாம் லாகில் (நடந்ததைப் பதியும் குறிப்பேட்டில்) ஏறும் சரக்கு. ஆதார் எண்ணைக் கொண்டு வாடிக்கையாளரைத் தேட வேண்டியிருந்தால், தேடலைப் போஸ்ட் (சர்வரிடம் தகவலைக் கொடுத்து வேலை சொல்லும்) கோரிக்கையாக வைத்து எண்ணை அதன் உடலில் அனுப்புங்கள். தேடல் என்றால் கெட் (வாசிக்க மட்டும் கேட்கும் கோரிக்கை) தான் என்று சாத்திரம் பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

உங்கள் மூத்த சகா சொல்வது சரி. சரி என்பதற்காக அதன்படியே நீங்கள் நடக்க வேண்டும் என்றில்லை. ராய் ஃபீல்டிங் 2000ஆம் ஆண்டில், இர்வைனில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு எழுதிய முனைவர் பட்ட ஆய்வேட்டில்தான் ரெஸ்ட் என்ற பெயரை வைத்தார். வலையின் பேச்சுமுறையான எச்டிடிபி தரத்தை எழுதியவர்களில் அவரும் ஒருவர். வலை இத்தனை பெரிதாகியும் ஏன் உடையாமல் நிற்கிறது என்று விளக்குவதே அவர் நோக்கம். அலுவலக ஏபிஐ எழுதுகிறவர்களுக்குக் கையேடு கொடுப்பதல்ல. இணைப்புகளே இல்லாத ஏபிஐகளுக்கெல்லாம் ரெஸ்ட் என்று பெயர் சூட்டுவதைப் பார்த்துச் சலித்துப்போய், 2008இல் அவரே காட்டமாக எழுதினார். அவர் கணக்குப்படி இன்று உலகில் ஓடும் 'ரெஸ்ட்' ஏபிஐகளில் பெரும்பாலானவை ரெஸ்ட் அல்ல. இருக்கட்டும். இணைப்புகளை இரண்டு இடங்களில் மட்டும் கட்டாயமாக்குங்கள். நீண்ட பட்டியலில் அடுத்த பக்கத்துக்குப் போக ஒன்று. அடுத்து என்ன செய்யலாம் என்பது நிலையைப் பொறுத்து மாறும் இடங்களில் இன்னொன்று: சர்வேயர் (இழப்பை மதிப்பிடுபவர்) நியமிக்கப்படும் வரைதான் க்ளெய்மைத் திரும்பப் பெறலாம் என்றால், அதற்கான இணைப்பு அதுவரை மட்டும் பதிலில் வரட்டும். கைபேசிச் செயலியும் கிளை அலுவலகத் திரையும் அந்த விதியைத் தனித்தனியே எழுதி, தனித்தனியே தவறு செய்யும் நிலைமை இதனால் தவிர்க்கப்படும். மற்ற இடங்களில் வற்புறுத்த வேண்டாம்.

ஃபீல்டிங்கிடமிருந்து நீங்கள் விடாமல் எடுத்துக்கொள்ள வேண்டியது, கெட், போஸ்ட் போன்ற எல்லா வினைச்சொற்களுக்கும் எல்லோரும் ஒரே பொருள் கொள்ள வேண்டும் என்ற கட்டுப்பாடு. சோப் சேவைகளில் வாசிப்பதும் அழிப்பதும் பெரும்பாலும் ஒரே போஸ்ட் வழியாகத்தான் போயிருக்கும். அதனால் உங்கள் குழுக்களுக்கு இந்த வேறுபாடு கையில் படிந்திருக்காது. 2005இல் கூகுள், வெப் ஆக்ஸலரேட்டர் என்றொரு கருவியை வெளியிட்டது. பக்கத்தில் உள்ள இணைப்புகளைப் பயனர் சொடுக்கும் முன்பே அது போய் எடுத்து வைத்துக்கொள்ளும். கெட் கோரிக்கை எதையும் மாற்றாது என்று தரம் சொல்வதை அது நம்பியது. சில வலைச் செயலிகளோ 'அழி' என்பதைச் சாதாரண இணைப்பாக வைத்திருந்தன. கருவி அவற்றையும் போய்த் தொட்டது. பயனர்களின் தகவல்கள் காணாமல் போயின. நடுவில் வரும் ப்ராக்ஸியும், நகல் வைத்துக்கொள்ளும் கேச்சும் உங்கள் உள்நோக்கத்தைப் படிக்காது, வினைச்சொல்லைத்தான் படிக்கும்.

இனி உங்கள் கடிதத்தில் இல்லாத கேள்விக்கு வருகிறேன். அது இல்லாததுதான் எனக்குக் கவலை தந்தது. பதிலே வராவிட்டால் அழைத்த நிரல் என்ன செய்ய வேண்டும்?

பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஓரிடத்தில், வாடிக்கையாளர் கணக்கிலிருந்து மாதத் தவணை பிடிக்கும் சேவை இருந்தது. அதை அழைக்கும் நிரல் 30 விநாடி காத்திருக்கும். பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும். வழக்கமாக 2 விநாடிக்குள் பதில் வந்துவிடும் என்பதால் யாரும் இதை யோசிக்கவில்லை. ஒரு மாதக் கடைசியில் டேட்டாபேஸ் திணறியது. வேலை முடிய 40 விநாடி ஆனது. பணம் பிடிக்கப்பட்டது, பதிலும் புறப்பட்டது, வாங்கிக்கொள்ள எதிரில் ஆள் இல்லை. அவர்கள் அதே கோரிக்கையை இரண்டாவது முறையாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை, இரண்டு முறை பணம் பறிகொடுத்தவர்களின் பட்டியலைக் கையால் சரிபார்க்க எட்டுப் பேர் உட்கார்ந்தோம். அந்தச் சேவையின் முகவரி அழகாக, பன்மையில்தான் இருந்தது.

ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. அட்டை திரும்பி வராததால் கடிதம் சேரவில்லை என்று சொல்லிவிட முடியாது. கடிதம் சேர்ந்து அட்டை மட்டும் தொலைந்திருக்கலாம். யுபிஐயில் பணம் அனுப்பிவிட்டு 'நிலுவையில்' என்ற திரையை வெறித்துக்கொண்டு கடைக்காரர் முன்னால் நின்ற அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு. எச்டிடிபி தரத்தின்படி கெட், புட் (முழுதாக மாற்றி வைப்பது), டெலீட் (அழிப்பது) ஆகியவற்றை எத்தனை முறை அனுப்பினாலும் சர்வரின் நிலை ஒரு முறை அனுப்பியதைப் போலவே இருக்க வேண்டும். போஸ்ட்டுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. பணம் பிடிப்பது, பாலிசி வழங்குவது, க்ளெய்ம் பதிவது எல்லாம் போஸ்ட்டில்தான் வரும்.

ஆகவே விதி ஏட்டின் முதல் பக்கத்தில் இதை எழுதுங்கள்: பணத்தையோ பாலிசியையோ தொடும் எந்தப் போஸ்ட்டும் ஐடெம்பொட்டன்சி கீ (மறுபடி வந்த கோரிக்கையை அடையாளம் காட்டும் சாவி) இல்லாமல் வந்தால் ஏற்கப்படாது. அழைக்கும் நிரல் ஒவ்வொரு செயலுக்கும் இந்தக் கீயாகத் தனித்த அடையாளம் ஒன்றை உருவாக்கி ஹெடரில் அனுப்பும். மறுபடி அனுப்பும்போதும் அதே அடையாளத்தையே அனுப்பும். சர்வர் அதை முன்பே பார்த்திருந்தால் வேலையை மறுபடி செய்யாமல், பழைய பதிலையே எடுத்துக் கொடுக்கும். ஸ்ட்ரைப் போன்ற பணப்பரிமாற்ற நிறுவனங்கள் நெடுநாளாக இப்படித்தான் செய்கின்றன. சொல்வதற்கு எளிது, சறுக்கும் இடங்கள் மூன்று நான்கு உண்டு. அடையாளத்தைப் பதிவதும் பணத்தைப் பதிவதும் டேட்டாபேஸில் ஒரே பரிவர்த்தனைக்குள் நடக்க வேண்டும்; இரண்டுக்கும் இடையில் சர்வர் விழுந்தால் பழைய கதைதான். முதல் கோரிக்கை இன்னும் முடியாதபோது இரண்டாவது வந்தால் 409 ('முரண்பாடு' என்னும் பதில் குறியீடு) கொடுங்கள். அதே அடையாளத்துடன் வேறு தொகை வந்தால் மறுத்துவிடுங்கள், அது அழைத்தவரின் நிரலில் உள்ள பிழை. அடையாளங்களை எத்தனை நாள் வைத்திருப்பது என்பதை உங்கள் தொழிலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கிளை அலுவலகம் வெள்ளி மாலை தோற்ற கோரிக்கைகளைத் திங்கள் காலை மொத்தமாக மறுபடி அனுப்பும் வழக்கம் இருந்தால் 24 மணி நேரம் போதாது.

மறுமுயற்சியை யார் செய்வது என்பதையும் எழுதிவையுங்கள். செயலி மூன்று முறை, கேட்வே மூன்று முறை, நடுவில் உள்ள சேவை மூன்று முறை முயன்றால், அடியில் திணறிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் தலையில் ஒரே கோரிக்கை 27 முறை விழும். ஏதேனும் ஓர் அடுக்கு மட்டும் முயலட்டும். ஒவ்வொரு முறையும் இடைவெளி கூடிக்கொண்டே போகட்டும், அந்த இடைவெளியும் எல்லோருக்கும் ஒன்றாக இல்லாமல் கொஞ்சம் கலைந்திருக்கட்டும்.

பிழைகளை உரைக்கும் விதத்தில் சோப் காலத்துப் பழக்கம் ஒன்று உங்களைத் துரத்தும்: 200 ('வெற்றி' என்னும் குறியீடு) என்று பதில் அனுப்பி, உள்ளே 'தோல்வி' என்று எழுதுவது. கண்காணிப்புத் திரை முழுக்கப் பச்சையாக இருக்கும், கிளைகளிலிருந்து தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கும். தவறு கேட்டவருடையதா (400 வரிசை), கொடுப்பவருடையதா (500 வரிசை) என்பதைக் குறியீடே சொல்ல வேண்டும். மறுபடி முயலலாமா என்பதை அழைக்கும் நிரல் அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறது. பிழைச் செய்தியின் வடிவத்தை நீங்கள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம். 2016இல் ஆர்எஃப்சி (இணையத் தர ஆவணம்) 7807 என்று வந்து, 2023இல் 9457 என்று புதுப்பிக்கப்பட்ட தரம் இருக்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அதனுடன் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தட எண்ணைச் சேர்த்துவிடுங்கள். 14 குழுக்களில் எந்தக் குழுவின் வாசலில் கோரிக்கை செத்தது என்பதை இரவு இரண்டு மணிக்குத் தேடுகிறவர் உங்களை வாழ்த்துவார்.

வெர்ஷன் சண்டையில் நான் முகவரிக் கட்சி. தத்துவம் எதுவும் இல்லை. லாகைப் பார்க்கிறவர் கண்ணுக்கு உடனே தெரியும், அவ்வளவுதான். ஆனால் இரண்டு கட்சிக்காரர்களும் வெர்ஷன் இரண்டு என்பது ஏதோ இயல்பாக வரப்போவது போலப் பேசுகிறார்கள். சென்னையில் கதவு எண்களை மாற்றி எத்தனை ஆண்டுகள் ஆகிவிட்டன? இன்றும் 'பழைய எண் 14, புதிய எண் 27' என்று இரண்டையும் எழுதித்தான் கடிதம் போடுகிறோம். இரண்டாவது வெர்ஷன் வந்தால் முதலாவதும் உங்கள் கூடவே குடியிருக்கும். ஒவ்வொரு பாதுகாப்புத் திருத்தத்தையும் இரண்டு இடத்தில் செய்ய வேண்டியிருக்கும்.

அது தேவைப்படாமல் காலம் தள்ளுவதுதான் திறமை. புதிய புலங்களை (பதிலில் வரும் தகவல் கட்டங்களை) சேர்க்கலாம், இருப்பதை எடுக்கக் கூடாது, பொருளை மாற்றவே கூடாது. தனக்குத் தெரியாத புலம் பதிலில் வந்தால் அழைக்கும் நிரல் அதைக் கண்டுகொள்ளாமல் போக வேண்டும் என்பதை முதல் நாளிலேயே எல்லோரிடமும் ஒப்புதல் வாங்குங்கள். நிலைப் பட்டியல்களில் கூடுதல் கவனம் வேண்டும். க்ளெய்ம் நிலையில் 'பகுதி ஒப்புதல்' என்று புதிதாக ஒன்றைச் சேர்ப்பது உங்களுக்குச் சின்ன வேலை. 'ஒப்புதல்', 'நிராகரிப்பு' இரண்டை மட்டும் எதிர்பார்த்து எழுதப்பட்ட கைபேசிச் செயலி அதைக் கண்டு நின்றுவிடும். தெரியாத நிலை வந்தால் என்ன காட்டுவது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

என்றாவது ஒன்றை நிறுத்தித்தான் ஆக வேண்டும். அதற்கு, யார் அழைக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். உள்ளுக்குள் இருக்கும் குழுவாகவே இருந்தாலும் தனி அடையாளம் இல்லாமல் யாரையும் சேர்க்காதீர்கள். சேவை எந்த நாளில் நிற்கும் என்பதை ஒவ்வொரு பதிலிலும் சொல்ல 'சன்செட்' என்ற ஹெடர் 2019இலிருந்து இருக்கிறது. ஆனால் ஹெடரையும் மின்னஞ்சலையும் யாரும் படிக்க மாட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டி அறிவித்துவிட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து நிமிடம் பழைய சேவையை நிறுத்திப் பாருங்கள். படிக்காதவர்கள் எல்லோரும் தொலைபேசியில் வந்துவிடுவார்கள்.

சின்னதாகத் தெரியும் சில விஷயங்கள் காப்பீட்டில் பெரிதாக வலிக்கும். பாலிசி எண்ணை எண்ணாக அனுப்பாதீர்கள், எழுத்துச் சரமாக அனுப்புங்கள். ஜாவாஸ்கிரிப்ட் 9,007,199,254,740,991 வரைதான் முழு எண்களைத் துல்லியமாகப் பிடிக்கும். அதற்கு மேல் கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் மாறும். ட்விட்டர் 2010இல் ட்வீட் எண்களுக்கு எழுத்துச் சர வடிவத்தையும் சேர்த்தது இதனால்தான். முன்னால் இருக்கும் பூஜ்யங்கள் உதிர்ந்துபோகும் தொல்லையும் இதில் ஒழியும். அடுத்து, பிறந்த தேதி. அதை நேரத்தோடு சேர்த்து அனுப்பினால், இந்திய நேரம் ஏப்ரல் 1 நள்ளிரவு என்பது உலகப் பொது நேரமான யுடிசி கணக்கில் மார்ச் 31 மாலை 6.30. நடுவில் எங்கோ ஒரு நிரல் தேதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளும். வாடிக்கையாளருக்கு ஒரு நாள் வயது கூடும். பிரீமியம் மாறும் எல்லையில் அவர் இருந்தால் அது சண்டையில் முடியும். தேதி என்றால் தேதி மட்டும். பணத்தைத் தசமப் புள்ளி மிதக்கும் எண்ணாக வைக்காமல் பைசாக் கணக்கில் முழு எண்ணாக வையுங்கள். கிளைகளில் இரண்டு எழுத்தர்கள் ஒரே பாலிசியின் நாமினியைத் திருத்தும்போது பின்னவர் முன்னவர் வேலையை அழிக்காமல் இருக்க, பதிலோடு ஈடேக் (தகவலின் அப்போதைய பதிப்பு அடையாளம்) கொடுத்து, அதைத் திருப்பிக் காட்டும் இஃப்-மேட்ச் ஹெடர் இல்லாத திருத்தத்தை ஏற்க மறுத்துவிடுங்கள்.

கேட்வே விற்க வந்தவரிடம் ஒன்று கேளுங்கள்: "முகவர் ஒருவர் முறையாக உள்ளே நுழைந்து, முகவரியில் இருக்கும் பாலிசி எண்ணின் கடைசி இலக்கத்தை மாற்றினால், வேறொரு முகவரின் வாடிக்கையாளர் விவரம் தெரியுமா?" ஏபிஐ பாதுகாப்புக் குறைகளை, மென்பொருள் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு 2019இலும் 2023இலும் பட்டியலிட்டது, இரண்டிலும் முதலிடம் இதற்குத்தான். டோக்கன் (நுழைவுச் சீட்டு) செல்லுமா என்று கேட்வே பார்க்கும். இந்தப் பாலிசி யாருடையது என்பது அதற்குத் தெரியாது. அந்தச் சோதனையைப் பாலிசிக் குழுதான், ஒவ்வொரு கோரிக்கையிலும், தன் நிரலுக்குள் செய்ய வேண்டும். டோக்கன் சோதனை, அளவுக்கு மீறி அழைப்பவருக்கு 429 சொல்வது, லாக், வழி திருப்புவது ஆகியவற்றுக்குக் கேட்வே நல்ல சாதனம், வாங்குங்கள். அதற்குள் தொழில் விதிகளை எழுத மட்டும் யாரையும் விடாதீர்கள். ஒரு காலத்தில் நிறுவனங்களின் நடுவில் உட்கார்ந்து எல்லாச் சேவைகளையும் இணைத்த சர்வீஸ் பஸ்கள் அப்படித்தான் வீங்கின. கடைசியில் யாரும் தொட அஞ்சும் இடமாக மாறின.

இப்போது, எங்கிருந்து தொடங்குவது. விதி ஏட்டிலிருந்து அல்ல, அழைக்கும் குழு உடனே வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கும் சேவை ஒன்றிலிருந்து. முகவருக்குப் பாலிசி நிலவரம் காட்டும் சேவை நல்ல தேர்வாக இருக்கும் என்று நினைக்கிறேன். கொடுக்கும் குழுவிலிருந்து ஒருவர், பயன்படுத்தும் குழுவிலிருந்து ஒருவர், இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, நிரல் எழுதும் முன் ஓபன்ஏபிஐ ஆவணத்தை (ஏபிஐயின் வரையறையை) எழுதச் சொல்லுங்கள். பயன்படுத்துகிறவர் இல்லாமல் எழுதினால் டேட்டாபேஸ் டேபிள் பெயர்கள்தான் வெளியே வரும்: சுருக்கெழுத்துப் புலங்கள், 1 என்றால் என்ன 7 என்றால் என்ன என்று யாருக்கும் நினைவில்லாத குறியீடுகள். ஒரு நிறுவனம் வடிவமைக்கும் எதுவும் அதன் தகவல் தொடர்பு அமைப்பையே நகலெடுக்கும் என்று கணினி அறிஞர் மெல்வின் கான்வே 1968இல் எழுதினார். முகவரின் ஒரு திரைக்கு ஐந்து குழுக்களை அழைக்க வேண்டியிருந்தால் நீங்களும் அவர் சொன்னதைத்தான் செய்திருக்கிறீர்கள். அந்தச் சேவையில் கற்றதை ஐந்தாறு பக்க விதியாக எழுதுங்கள். ஜெர்மனியின் ஸலாண்டோ நிறுவனம் தன் ரெஸ்ட் விதிகளை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டிருக்கிறது. வேண்டியதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஒருமை பன்மை, பெயரிடும் முறை போன்றவற்றை ஸ்பெக்ட்ரல் மாதிரியான சரிபார்ப்புக் கருவியிடம் ஒப்படைத்துவிடுங்கள். கருவியோடு யாரும் மூன்று வாரம் வாதாட மாட்டார்கள்.

அந்த 18 மாத உத்தரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அனைத்தையும் மாற்றுவது என்பது எண்ணிப் பார்க்காதவர் எழுதிய வாக்கியம். பழைய சோப் சேவைகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றின் எதிரிலும் கடந்த சில மாதங்களில் அதை அழைத்தது யார், எத்தனை முறை என்று சர்வர் லாகிலிருந்து எழுதுங்கள். இரண்டே குழுக்கள் அழைக்கும், பல ஆண்டுகளாகத் தொந்தரவில்லாமல் ஓடும் சேவைகள் அதில் தென்படும். அவற்றை அப்படியே விட்டுவிடலாம், சோப் ஒன்றும் கெட்டுப்போகும் பண்டமல்ல. யாருமே அழைக்காதவையும் சில இருக்கும். அவற்றை மாற்றவே வேண்டாம், நிறுத்தினால் போதும். ஆனால் அதற்கு முன் ஒரு மார்ச் 31 கடந்து போகட்டும். ஆண்டுக் கணக்கு முடிக்கும் இரவில் மட்டும் கண்விழிக்கும் நிரல் ஒன்று அந்தப் பட்டியலில் தூங்கிக்கொண்டிருக்கலாம்.